நீர்த்துப்போன உப்பு

மூன்றாவது தடவையும் பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தார் ஸ்டோர்க்காரர். மூன்றாவது தடவையும் உள்ளே இருந்த உப்பு, சாய்த்த பக்கமாக மெல்ல ஓடி வந்து நின்றது.

உப்பு ஓடக்கூடாது. அது அவருக்குத் தெரியும். வேதியியலில் அவருக்குத் தெரிந்தது ஏறக்குறைய அவ்வளவுதான்.

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் இருபத்தாறு வருஷமாக அவர் பார்த்தது எழுதுபொருள் ஸ்டோர். பேனா, காகிதம், கோப்பு, ஸ்டேப்ளர் பின். மூன்றாவது மாடியில் ரசாயன ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் முழங்கால் ஆபரேஷனுக்காக இரண்டு மாத லீவில் போனார். "ஸ்டோர்னா ஸ்டோர்தானே, எதுவா இருந்தா என்ன" என்று சொல்லி நிர்வாகம் இவரை மேலே அனுப்பிவிட்டது. வந்து ஒன்பது நாள் ஆகிறது. ஒன்பது நாளாக அவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் அலமாரிகளுக்கு நடுவே நடந்தார்.

இந்த பாட்டில் வந்தது முந்தின நாள், திங்கட்கிழமை. பேராசிரியை அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினார். இருமல் மருந்து பாட்டில் அளவு. பழுப்புக் கண்ணாடி. லேபிளில் இரண்டு வரிக்கு நீளமான ஒரு பெயர்.

"இது ஒரு அயனி உப்பு. எங்க லேப்லயே செஞ்சது. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஆய்வுக் குழு வருது. அதுவரை யாரும் தொடாம இங்கயே இருக்கட்டும், அவங்களோட வந்து வாங்கிக்கிறேன்."

"உப்புதானே மேடம், வச்சுக்கலாம்."

"சமையலறை உப்பு இல்ல. விழுங்கினா விஷம். ஈரமும் படக்கூடாது. பாதுகாப்புத் தாள் கூடவே இருக்கு, படிச்சுக்கங்க."

அவர் போனதும் ஸ்டோர்க்காரர் மூடியைத் திறந்தார். தப்பான எண்ணம் ஒன்றும் இல்லை, பழக்கதோஷம். எழுதுபொருள் ஸ்டோரில் நூறு கவர் என்று எழுதிய கட்டு வந்தால், பிரித்து நூறையும் எண்ணிப் பார்க்காமல் அவர் பதிவேட்டில் ஏற்றியதில்லை. திறந்த பிறகுதான் லேபிளின் ஓரத்தில் இருந்த மண்டையோட்டைப் பார்த்தார். மூச்சை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினார். அதே நேரம் போன் அடித்தது. கீழேயிருந்து ஒருவர், ஏ-ஃபோர் காகிதம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டார். எழுதுபொருள் விஷயம் என்றதும் ஸ்டோர்க்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கால் மணி நேரம் பேசினார். ஜன்னல் திறந்திருந்தது. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

திரும்பி வந்து, முகத்தைத் திருப்பியபடியே மூடியை இறுக்கினார். உள்ளே பார்க்கவே இல்லை.

இன்றைக்கு, செவ்வாய்க்கிழமை காலை, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் உப்பு ஓடுகிறது.

அவர் பாதுகாப்புத் தாளை எடுத்தார். பதினோரு பக்கம். முதல் பக்கத்தில் மண்டையோடு. இரண்டாம் பக்கத்தில், விழுங்கினால் நச்சு. தோலில் பட்டால் எரிச்சல். கண்ணில் பட்டால் கடும் எரிச்சல். நீர்வாழ் உயிர்களுக்கு நீண்டகாலத் தீங்கு. அதற்குக் கீழே, 'காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மூடியை இறுக்கமாக மூடி வைக்கவும்.'

அதற்கு மேல் படிக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. படிக்கத் தேவையும் இருப்பதாகத் தெரியவில்லை. கால் மணி நேரம் மழைக்காற்றில் திறந்து வைத்துவிட்டு, உப்பு ஏன் தண்ணீராயிற்று என்று கேட்க ஒன்றுமில்லை.

அவர் மனைவிக்குப் போன் செய்தார். அவள் தையல் கடை வைத்திருந்தாள். பேசும்போது எப்போதும் உதட்டில் நாலு குண்டூசி இருக்கும்.

"ஏம்மா, உப்பு நீர்த்துப்போச்சுன்னா நீ என்ன பண்ணுவே?"

"அரிசி போடுவேன்."

"அரிசியா?"

"நாலு அரிசியைப் போட்டு வச்சா ஈரத்தை அது இழுத்துக்கும். எதுக்குக் கேக்கறீங்க? ஆபீஸ்ல சமையல் பண்றீங்களா?"

"இல்ல, சும்மா. பொது அறிவுக்கு."

"இருபத்தேழு வருஷமா வராத பொது அறிவு இப்ப எதுக்கு வருது?" என்றாள் குண்டூசிகளுக்கு நடுவிலிருந்து.

எதிர்த்த கடையில் நாலு அரிசி தரமாட்டேன் என்றார்கள். அரைக் கிலோவாகத்தான் வாங்க வேண்டியிருந்தது. அதில் பதினைந்து அரிசியை எண்ணி எடுத்து, கட்டுத்துணியில் முடிந்து, நூல் கட்டினார். கையுறை போட்டார். கண்ணாடிக்கு மேல் பாதுகாப்புக் கண்ணாடி போட்டார். மூச்சை அடக்கிக்கொண்டு முடிச்சை பாட்டிலின் கழுத்துவரை இறக்கி, நூலின் நுனி வெளியே தெரிகிற மாதிரி மூடியைத் திருகினார். உப்பில் படாமல், உப்புக்கு மேலே தொங்கும். ஈரத்தை மட்டும் இழுக்கும். அவருக்கே தன் கெட்டிக்காரத்தனம் கொஞ்சம் பிடித்திருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து, எவ்வளவு இழுத்திருக்கிறது என்று பார்க்க மூடியைத் திருகினார். நூல் வழுக்கியது. முடிச்சு உள்ளே விழுந்து, அவசரமே இல்லாமல் அடிக்குப் போய் உட்கார்ந்தது.

கண்ணாடிக் குச்சி ஒன்றை விட்டுத் துழாவினார். குச்சி பாட்டிலின் உள்சுவரில் உரசிப் பல் கூசுகிற மாதிரி கிறீச்சிட்டது. பத்து நிமிஷப் போராட்டத்துக்குப் பிறகு முடிச்சு மேலே வந்தது. வரும்போது அவிழ்ந்தும் வந்தது. பிசுபிசுவென்று ஒட்டியிருந்த அரிசிகளை ஒரு தட்டில் பரப்பி எண்ணினார்.

பதினாலு.

மறுபடி எண்ணினார். அதே பதினாலு. இருபத்தாறு வருஷத்தில் அவர் எண்ணிக்கை தப்பியதில்லை. ஆக, பதினைந்தாவது அரிசி உள்ளே இருக்கிறது.

அதை யோசித்துக்கொண்டே குச்சியைத் தூக்கியதில் ஒரு சொட்டு, கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே இருந்த மணிக்கட்டில் விழுந்தது.

தாளைப் பிடுங்கிப் பார்த்தார். 'தோலில் பட்டால் பதினைந்து நிமிடம் ஏராளமான நீரில் கழுவவும்.' குழாயடிக்கு ஓடினார். கையை நீட்டிய பிறகு இரண்டாம் பக்கத்து மீன்கள் நினைவுக்கு வந்தன. சாக்கடையில் விடக்கூடாது. ஒரு வாளியை எடுத்துக் கீழே வைத்தார். சரியாகப் பதினைந்து நிமிஷம், கடிகாரத்தைப் பார்த்தபடி, மணிக்கட்டை வாளிக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றார். வாளி நிரம்பப் போகிறது என்று தோன்றும்போதெல்லாம் குழாயை இன்னும் கொஞ்சம் மெல்லியதாக்கினார்.

மணிக்கட்டில் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இப்போது அவரிடம் ஒரு வாளித் தண்ணீர் இருந்தது. அதை எங்கே ஊற்றுவது என்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பாதுகாப்பு அதிகாரி உள்ளே வந்தார். கையில் எப்போதும் ஒரு குறிப்பேடு. பேனாவைக் காதில் செருகியிருப்பார். குற்றம் கண்டால் மட்டும் எடுப்பார்.

பேனாவை எடுத்தார். "இது என்ன சார்?"

"தண்ணி."

"லேபிள் இல்லையே."

"தண்ணிக்கா சார்?"

"ரசாயன ஸ்டோர்ல லேபிள் இல்லாத எதுவுமே தண்ணி இல்ல. என்ன தண்ணி?"

"கை கழுவின தண்ணி."

"எதுல பட்டுக் கழுவினீங்க?"

ஸ்டோர்க்காரர் கணக்குப் போட்டார். சொன்னால் பாட்டில் வரும். பாட்டில் வந்தால் திறந்தது வரும். "எதுலயும் படல சார்," என்றார். "நான் எப்பவுமே இப்படித்தான். கையில என்ன இருக்கோ யார் கண்டா. சாக்கடையில விட்டா மீனுக்கெல்லாம் கெடுதல் இல்லையா, அதான் பிடிச்சு வச்சுடறது."

அதிகாரி பேனாவை மறுபடி காதில் செருகினார். நீண்ட நேரம் வாளியையே பார்த்தார்.

"பதினெட்டு வருஷமா இதைத்தான் நான் இந்தக் கட்டடத்துல சொல்லிட்டிருக்கேன்," என்றார். குரல் லேசாகத் தழுதழுத்தது. "ஒருத்தர் கேட்கல."

போகிறவர் வாசலில் நின்றார். "அந்தப் பை என்ன?"

"அரிசி."

"ஸ்டோர்ல சாப்பாட்டுப் பொருளா?"

"சாப்பிடறதுக்கில்ல சார். ஈரம் உறிஞ்சறதுக்கு."

"அப்ப லேபிள்," என்றார் அதிகாரி. ஸ்டோர்க்காரர் நல்ல கையெழுத்தில் 'ஈர உறிஞ்சி. உண்ணத் தகாதது' என்று எழுதி அரைக் கிலோ அரிசியின் மேல் ஒட்டினார்.

அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. எல்லா ஆய்வகங்களிலும் இனிமேல் கை கழுவும் நீரை வாளியில் சேகரிக்க வேண்டும். ரசாயன ஸ்டோர்க்காரரை முன்மாதிரியாகக் கொள்ளவும்.

புதன்கிழமை காலை அவர் வேலைக்கு வந்தபோது மூன்றாவது மாடி நடைபாதையில் ஏழு வாளிகள் நின்றன. ஒவ்வொரு கதவைத் தாண்டும்போதும் உள்ளேயிருந்து யாரோ அவரை முறைத்தார்கள். ஒருவர், "நல்லா இருங்க சார்," என்றார். அதில் வாழ்த்து எதுவும் இல்லை.

பாட்டிலை எடுத்துச் சாய்த்தார். ஓடியது.

இனி ஒரு நாள்தான் இருக்கிறது. பாட்டிலைத் துணியில் சுற்றி, நெஞ்சோடு அணைத்து, அடுப்பு அறைக்குப் போனார். கண்ணாடிச் சாமான்களையும் பொடிகளையும் உலர்த்துகிற பெரிய மின் அடுப்பு அங்கே இருந்தது. அதைப் பார்த்துக்கொள்கிற ஆளை எல்லோரும் 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டம் எதுவும் இல்லை. எதைக் கேட்டாலும் மருந்து சொல்வார்.

"டாக்டர், உப்பு நீர்த்துப்போச்சு. காய வைக்கணும்."

"அவ்வளவுதானே. நூத்தஞ்சு டிகிரி, ரெண்டு மணி நேரம். எந்தத் தண்ணியும் நிக்காது."

"உப்புக்கு ஒண்ணும் ஆகாதே?"

"உப்பு நெருப்புக்கு அசையாதுண்ணே. நான் எத்தனை உப்பு பார்த்திருக்கேன்."

மூடியைத் தளர்த்தி உள்ளே வைத்தார்கள். இரண்டு மணி நேரம் ஸ்டோர்க்காரர் அடுப்புக்கு எதிரில், பிரசவ வார்டு வாசலில் நிற்கிறவர் மாதிரி நின்றார். வெளியே எடுத்தபோது உப்பு காயவில்லை. முன்பாவது எண்ணெய் மாதிரி மெதுவாக ஓடியது. இப்போது வெறும் தண்ணீர் மாதிரி சளசளத்தது.

"டாக்டர், இது அதிகமாயிடுச்சே."

டாக்டர் பாட்டிலை உற்றுப் பார்த்தார். "சூட்டுல இளகியிருக்கு. ஆறினா இறுகும். ஃபிரிட்ஜ்ல வைங்க."

"நிச்சயமா?"

"நெய்யே இறுகுது. உப்பு இறுகாதா?"

ரசாயனங்களுக்கான ஃபிரிட்ஜ் ஸ்டோரிலேயே இருந்தது. பாட்டில் ஆறியதும் மூடியை இறுக்கி, பிளாஸ்டிக் பையில் போட்டு, மேல் தட்டில் வைத்தார். கதவைச் சாத்தினார். ஐந்து நிமிஷத்தில் திறந்தார். ஓடியது. சாத்தினார். சாப்பிடப் போய்விட்டு வந்து திறந்தார். ஓடியது. உள்ளே ஏதோ ஒரு புள்ளி மிதந்தது. பதினைந்தாவது அரிசி. இத்தனைக்கும் நடுவில் அது ஒன்றுதான் நிம்மதியாக இருக்கிறது என்று தோன்றியது அவருக்கு.

நாற்காலியில் உட்கார்ந்து, கையைத் தலையில் வைத்துக்கொண்டு, நாளை என்ன சொல்வது என்று யோசித்தார். 'மேடம், தெரியாம திறந்துட்டேன்' என்று ஆரம்பிக்கலாம். 'அப்புறம் அரிசி போட்டேன்' என்று எப்படித் தொடர்வது என்றுதான் தெரியவில்லை. ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம் இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் அவரிடம் ஒரு விளக்கக் கடிதம்கூட யாரும் கேட்டதில்லை.

நாலரை மணிக்கு, கடைசியாக ஒரு தடவை என்று திறந்தார்.

சாய்த்தார். ஓடவில்லை.

இன்னும் சாய்த்தார். தலைகீழாகவே கவிழ்த்தார். உப்பு அசையாமல் மேலே நின்றது.

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அரிசி மிதந்த இடத்திலிருந்து எல்லாத் திசைக்கும் வெள்ளை ஊசி ஊசியாகக் கிளம்பி, பாட்டில் முழுவதும் ஒரே கட்டியாக நின்றிருந்தது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் கைக்கு இளஞ்சூடாக வேறு இருந்தது. அது ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை. விளங்க வேண்டிய அவசியமும் இல்லை. உப்பு உப்பாகிவிட்டது.

அடுப்பு அறைக்குப் போய் டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். டாக்டர், "நான் சொன்னேன்ல," என்றார். வீட்டுக்குப் போகும் வழியில் மனைவியின் கடையில் இறங்கி, "இறுகிடுச்சு," என்றார்.

"எது?"

"எல்லாம்," என்றார் ஸ்டோர்க்காரர். அன்றைக்கு அவர் நன்றாகத் தூங்கினார்.

வியாழக்கிழமை ஒன்பதரைக்கு, குளித்துத் தலை வாரின தெம்போடு, பதிவேட்டைத் திறந்தார். பாட்டிலுக்கான வரியில் ஒரு கட்டம் மட்டும் மூன்று நாளாகக் காலியாக இருந்தது. 'பொருளின் வடிவம்.' தூள் என்று எழுதுவதா, கட்டி என்று எழுதுவதா, படிகம் என்று எழுதுவதா? தாளிலேயே போட்டிருக்கும், பார்த்து எழுதிவிடலாம் என்று பக்கங்களைப் புரட்டினார். ஆறாவது பக்கத்தில் இருந்தது.

'தோற்றம்: நிறமற்ற, கெட்டியான திரவம்.'

திரவம் என்ற சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். வேறு ஏதாவது அர்த்தம் இருக்குமோ என்று பார்த்தார். அடுத்த வரி: 'உருகுநிலை: கண்டறியப்படவில்லை.' அதற்கடுத்த வரி: 'குறிப்பு: இது அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் உப்பு.'

உப்பு. திரவமாக இருக்கும். வந்தபோதே அப்படித்தான் இருந்திருக்கிறது. மழையும் ஒன்றும் செய்யவில்லை, காற்றும் ஒன்றும் செய்யவில்லை. செய்ததெல்லாம் அவர்தான். நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றைக் கொதிக்க வைத்து, குளிர வைத்து, அரிசி போட்டுக் கல்லாக்கியிருக்கிறார்.

மணி ஒன்பது நாற்பது.

"டாக்டர்," என்றபடி அடுப்பு அறைக்குள் ஓடினார், "இது தண்ணியாத்தான் இருக்கணுமாம்."

டாக்டர் டீயைக் கீழே வைத்தார். "நேத்து கட்டியா வேணும்னீங்க. இன்னிக்குத் தண்ணியா வேணும்ங்கறீங்க. ஒரு முடிவுக்கு வந்துட்டு வாங்கண்ணே."

"வந்துட்டேன். தண்ணி. பதினோரு மணிக்குள்ள."

"மறுபடி அடுப்புல போடலாம்."

"அடுப்பு வேண்டாம். நிறம் மாறினா போச்சு."

"அப்ப வெந்நீர்த் தொட்டி. மெதுவா இளகும்."

தொட்டியில் கழுத்தளவு வெந்நீரில் பாட்டிலை நிறுத்தினார்கள். பத்து நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓரத்தில் ஒரு மெல்லிய ஈரக்கோடு தெரிந்தது. ஸ்டோர்க்காரர் கையுறையோடு பாட்டிலைப் பிடித்து, குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி ஆட்டினார். நடைபாதையில் யாரோ ஒரு வாளியில் காலை இடித்துக்கொண்டு, அவரைப் பெயர் சொல்லாமல் திட்டிவிட்டுப் போனார்கள். பத்தேகாலுக்கு ஓரமெல்லாம் இளகியது. பத்தரைக்கு நடுவிலும் இளகி, சின்னச் சின்னத் துண்டுகளாக மிதந்தது. பத்து நாற்பதுக்கு ஒரே ஒரு கட்டி மட்டும் பிடிவாதமாக நின்றது.

அரிசியைச் சுற்றி இருந்த கட்டி.

நீளமான இடுக்கியை விட்டு அதை வெளியே எடுத்தார். அரிசியிலிருந்து நாலாபுறமும் கண்ணாடி ஊசிகள் மாதிரி விரிந்து, நட்சத்திரம் போல, ஒவ்வொரு முனையும் கூராக, பட்டை தீட்டின மாதிரி மின்னியது. அழகாகத்தான் இருந்தது. டாக்டர்கூட, "நகைக்கடையில வைக்கலாம் போலிருக்கே," என்றார். ரசிக்க நேரமில்லை. ஸ்டோர்க்காரர் அதை அருகில் இருந்த வாளியில் முக்கினார். ஊசிகள் கரைந்தன. இடுக்கியில் ஒரு வெறும் அரிசி மட்டும் மிஞ்சியது.

"பதினஞ்சு," என்றார்.

"என்ன பதினஞ்சு?"

"ஒண்ணுமில்ல. கணக்கு சரியா வந்துடுச்சு."

பாட்டிலை நன்றாகத் துடைத்து, குளிர்ந்த துணியால் சுற்றி ஆற வைத்து, வெளிச்சத்தில் நாலு கோணத்தில் பார்த்தார். ஒரு துணுக்குக்கூட இல்லை. சாய்த்தார். உப்பு மெல்ல ஓடி வந்து நின்றது. வாழ்க்கையில் எதுவும் ஓடி அவருக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. பதிவேட்டை எடுத்து, காலிக் கட்டத்தில் 'திரவம்' என்று அழுத்தி எழுதினார்.

பதினோரு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது பேராசிரியை வந்தார். பின்னால் ஆய்வுக் குழுவைச் சேர்ந்த மூன்று பெரியவர்கள். அவர்களுக்கும் பின்னால், கையில் பேனாவோடு ஓர் ஆராய்ச்சி மாணவி. ஐந்து பேரும் வாளிகளை ஒவ்வொன்றாகத் தாண்டிக் குதித்து வந்ததில் லேசாக மூச்சு வாங்கினார்கள்.

ஸ்டோர்க்காரர் பாட்டிலை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார்.

பேராசிரியை அதை வாங்கி ஜன்னல் பக்கம் போனார். உடனே பார்க்கவில்லை. ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு வெளிச்சத்தில் தூக்கிச் சாய்த்தார். உப்பு ஓடியது. மறுபக்கம் சாய்த்தார். மறுபக்கம் ஓடியது.

ஸ்டோர்க்காரர் எட்டிப் பார்த்தார். நிறம் மாறியிருக்கிறதோ? அரிசி வாசனை வருகிறதோ?

"நீங்க குடுத்த மாதிரியே இருக்கு மேடம்," என்றார் முந்திக்கொண்டு. "துளி மாற்றம் இல்ல. மூடியைக்கூடத் தொடல."

"தெரியுது," என்றார் பேராசிரியை. குரல் ரொம்ப மெல்லியதாக இருந்தது.

மூன்று பெரியவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர் தன் கோப்பை மூடினார். "சரி. பார்த்தாச்சு," என்றார். "உங்க அறைக்குப் போய், இந்த ஆராய்ச்சியை இதோட முடிச்சுக்கறதா எழுதிடலாமா?"

"எழுதிடலாம்," என்றார் பேராசிரியை. பாட்டிலை மேஜை மேல் வைத்துவிட்டு, அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தார். மூன்று நாளைக்கு முன்னால் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தவர்.

ஸ்டோர்க்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது. கேட்ட மாதிரி இருக்கிறது. தாளில் போட்டபடி இருக்கிறது. ஒரு நன்றி வேண்டாம், இந்த முகம் எதற்கு?

மாணவி மட்டும் பதிவேட்டில் கையெழுத்துப் போட நின்றாள். அவள் கண்ணும் சரியாக இல்லை. ஸ்டோர்க்காரர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, மேடம் ஏன் ஒரு மாதிரியா போறாங்க? உப்பு நல்லாத்தானே இருக்கு? தண்ணியாத்தானே இருக்கு?"

மாணவி பேனாவை மூடினாள்.

"அதான் அண்ணே, இந்த உப்பு ஒரே ஒரு தடவை, ஒரு கடுகளவாவது இறுகிக் காட்டினா போதும்னு மேடம் ஆறு வருஷமா காத்துட்டிருந்தாங்க."